நான்கால் வகுபட்ட வாரங்கள்

2023 ஆகஸ்ட் 9, புதன்கிழமை, காலை 10.20. ஏற்காட்டில் தூறல்; எதிர் வீடு தெரியாத அளவுக்குப் பனிமூட்டம். நாகலூரிலிருந்து ஒரு பெண் லேப்டாப்புடன் என் வீட்டுக்கு வந்தாள்.

நான் ஒரு காபி எஸ்டேட்டில் 34 ஆண்டுகள் ஆள்வருகையும் கணக்கும் எழுதும் ரைட்டராக இருந்தவன். அங்கே அடையாளம் கட்டிய 40 செடிகளில் வண்டு துளைத்த காய்களை, காய்ப் பருவத்தில் வாரம் ஒருமுறை எண்ணி மொத்தத்தை நோட்டில் எழுதுவதும் என் வேலை. ஆண்டுக்கு 30 வாரம், 22 ஆண்டுகள். ஓய்வு பெற்றபோது அந்த நோட்டுகளைத் தூக்கிப் போட மனம் வரவில்லை.

வந்தவள், என்னிடம் வேலை பார்த்த ஒரு பெண் தொழிலாளியின் மகள். கணினி உயிரியலில் எம்.எஸ்சி. முடித்தவள். வண்டு பெருகப் போவதைக் கணினி மூலம் முன்கூட்டியே சொல்ல முடியுமா என்று பார்க்க என் நோட்டுகளைக் கேட்டாள். பெருமையோடுதான் கொடுத்திருந்தேன். அந்த வேலையைக் காட்டித்தான் பெங்களூரில், உதவித்தொகையோடு கூடிய ஒரு பிஎச்.டி. இடத்துக்கு விண்ணப்பித்திருந்தாள். நேர்காணலுக்கு ஐந்து நாள் இருந்தது.

“ஏனுங்கய்யா, இந்த மூணு வருசத்துல மட்டும் பாதி வாரத்து மொத்தம் நாலால மீதியில்லாம வகுபடுதுங்க. மத்த வருசத்துல கால்வாசிதானுங்க வருது.”

“அதை வண்டுகிட்டப் போய்க் கேளு கண்ணு” என்றேன். சிரித்தாள், ஆனால் லேப்டாப்பை மூடவில்லை. எனக்குக் கோபம் வந்துவிட்டது. மழை வலுக்குமுன் பஸ்ஸைப் பிடி என்று அனுப்பிவிட்டேன்.

காரணம் எனக்குத் தெரியும். அந்த மூன்று ஆண்டுகளும் மூட்டுவலி. சரிவில் அட்டைக்கடி வேறு. வலி தாங்காத வாரங்களில் பத்துச் செடிகளை மட்டும் எண்ணி, நான்கால் பெருக்கி எழுதினேன். யாரும் கேட்கவில்லை.

மறுநாள் நாகலூருக்குப் பஸ் ஏறினேன். தாயும் மகளும் வீட்டில் இருந்தார்கள். நின்றபடியே உண்மையைச் சொன்னேன். தாய்தான் முதலில் பேசினார்.

“பத்து நிமிசம் லேட்டுன்னு எனக்கு அரைநாள் ஆப்சென்ட் போட்டீங்களேங்க, ரைட்டரய்யா!”

எந்தெந்த வாரம் என்று மகள் கேட்டாள். நினைவில்லை என்றேன். அதனால் அந்த மூன்று ஆண்டுகளில் நான்கால் வகுபட்ட 45 வாரங்களையும் நீக்கிவிட்டாள். வண்டு அதிகமாகப் பெருகிய ஆண்டுகள் அவைதான். அவளுடைய கணிப்பு வலுவிழந்தது. ஏன் நீக்கினாள் என்பதை நேர்காணலில் மறைக்காமல் சொல்லியிருக்கிறாள். இடம் கிடைக்கவில்லை. காரணம் அதுதானா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அடுத்த ஆண்டு வேறோர் இடத்தில் சேர்ந்தாள்.

அவளுக்குப் போனது ஓராண்டு. அதை என்னால் திருப்பித் தர முடியாது. நீக்கிய 45 வாரங்களில் ஏறக்குறைய 30 நான் ஏமாற்றியவை, மீதி தற்செயலாக வகுபட்டவை என்று அவளே கணக்குப் போட்டுச் சொன்னாள். அந்த மீதி வாரங்களில் காலை இழுத்துக்கொண்டு ஒவ்வொரு செடியாகப் போய் எண்ணியிருக்கிறேன். ஆனால் எது மெய், எது பொய் என்று எழுதிய எனக்கே இன்று பிரித்துக் காட்டத் தெரியவில்லை. நான் இழந்தது அந்த 15 வாரம். வாரத்துக்கு 40 வீதம், ஒழுங்காக எண்ணிய 600 செடிகள்.