விபூதிக் குழாய், குங்குமக் குழாய்

இந்த ஆயுத பூஜைக்கு எங்கள் புது மின்சாரக் காரின் பானெட்டைத் திறந்து, குங்குமக் கிண்ணத்துடன் திகைத்து நின்றேன். உள்ளே மூடி போட்ட ஒரு பிளாஸ்டிக் பெட்டி, அவ்வளவுதான். எஞ்சினுக்குப் பொட்டு வைக்க வந்தவன் டிபன் டப்பாவுக்கு வைத்துவிட்டுத் திரும்பினேன். கற்பூரமும் தெருவில் உடைத்த பூசணிக்காயும் சேர்ந்து மணந்ததும், கல்யாணத்துக்கு முன் நான் வைத்திருந்த டீசல் கார் ஞாபகம் வந்துவிட்டது.

அது என்னைவிட இரண்டே வயது இளையது. வெளிநாட்டு வண்டி, தானே கியர் மாற்றிக்கொள்ளும். மாற்றும்போதெல்லாம் முதுகில் ஒரு குத்து விடும். எங்கள் ஊர் மண்டி மொஹல்லாவில் பஷீர் பாய் என்ற மெக்கானிக்தான் அதற்கு வைத்தியர். ஆக்சிலேட்டர் கம்பியில் இரண்டு மரை, பக்கத்து வால்வில் ஒரு மயிரிழை என்று திருகித் திருகி வண்டியை வெண்ணெயாக்கிவிட்டார். பிறகு, பென்சில் தடிமனில் வளைந்து ஓடிய ரப்பர் குழாய்களைக் காட்டினார்.

“சாமி, இதெல்லாம் வேக்குவம் பைப். காத்தை உறிஞ்சித்தான் கியர் மெத்துனு விழுது, சாவியைத் திருப்பினா எஞ்சினும் நிக்குது. முட்டபேடி. தொடவே தொடாதீங்க.”

மறுநாள் ஆயுத பூஜை. அதற்கடுத்த நாள் ஹனூரில் பெண் பார்க்கப் போகவேண்டும். ஏற்கெனவே மூன்று வீடுகளில் என்னை வேண்டாம் என்றிருந்தார்கள். இந்தப் பெண்ணின் போட்டோவையோ, ஆபீஸ் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துப் பார்க்கும் அளவுக்குப் போயிருந்தேன். பூஜையன்று, எஞ்சின்கூடப் பளபளக்கட்டும் என்று குழாய்களைக் கழற்றித் துடைத்தேன். நான் என்ன முட்டாளா? அடையாளம் வைத்தேன். எஞ்சினை நிறுத்தும் குழாய்க்குக் குங்குமம், கியர் குழாய்க்கு விபூதி. காபி குடித்துவிட்டு வருவதற்குள், அம்மா பக்தி சிரத்தையாக எல்லாக் குழாய்க்கும் விபூதி பூசிக் குங்குமமும் வைத்துவிட்டிருந்தாள்.

பாரத்தைச் சாமுண்டியம்மன் மேல் போட்டு, தோன்றியபடி மாட்டினேன். மறுநாள் காலையில் எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு அம்மாவும் நானும் கிளம்பினோம். கொள்ளேகால் வருவதற்குள் முதுகில் பழைய குத்து. பொறுத்துக்கொண்டேன்.

ஹனூரில் பெண் வீட்டு வாசலில் சாவியைத் திருப்பினேன். எஞ்சின் நிற்கவில்லை. சாவியை உருவினேன். அப்போதும் ஓடியது. சாதாரண வண்டியென்றால் கியரைப் போட்டு அடக்கிவிடலாம், இதில் அந்த வழியும் இல்லை.

“மாப்ளைக்கு அவசரமுங்களா? வண்டிய ஓடவிட்டுட்டே வர்றீங்க!” என்று பெண்ணின் அப்பா அந்தச் சத்தத்துக்கு மேல் கத்தினார்.

“பெரிய வண்டிங்க! மெதுவாத்தான் நிக்கும்!” என்று நானும் கத்தினேன்.

கூடத்தில் டம்ளர்கள் அதிர்ந்தன. புகை உள்ளே வந்து எல்லோருக்கும் நடுவில் உட்கார்ந்தது. பெண்ணின் அப்பா முகம் சுருங்கி, பேச்சு மெல்ல “ஜாதகத்த இன்னொருக்கா பாக்கோணும்” என்ற இடத்துக்கு வந்தது. அது எனக்கு நன்றாகப் பழகிய இடம்.

காபித் தட்டோடு வந்த பெண் என் கையைப் பார்த்தாள்.

“சாவி உங்க கையில இருக்குது. வண்டி எப்படீங்க ஓடுது?”

“கொஞ்ச நேரத்துல நின்னுருங்க.”

“டீசல் தீர்ந்தா நின்னுருமுங்க.”

தட்டை என் கையில் திணித்துவிட்டு வாசலுக்குப் போனாள். தட்டோடு பின்னால் ஓடினேன்.

“பானெட்டத் தொறங்க. எங்க டிராக்டர நிறுத்தறதுக்கும் எதையாச்சும் இழுக்கத்தான் வேணும்.”

குனிந்து தேடினாள். டீசல் பம்ப்புக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பிடியைக் கண்டுபிடித்து அழுத்தினாள். எஞ்சின் உடம்பை ஒரு உலுக்கு உலுக்கி அடங்கியது. உள்ளே, பெண்ணின் அம்மாவுக்குக் கேட்கட்டும் என்று தொண்டை கிழியப் பேசிக்கொண்டிருந்த என் அம்மா மட்டும் அடங்கவில்லை.

“என் பையன் பெரிய கெட்டிக்காரன்! நேத்து அந்த எஞ்சினையே கழட்டி மாட்டினான்!”

தெருவே திரும்பியது.

“நீங்களே மாட்டுனதுங்களா?” என்றாள் அவள்.

பொய் சொல்ல வாயைத் திறந்தேன். குங்குமமும் விபூதியும்தான் வெளியே வந்தன. முழுக் கதையையும் கேட்டவள் பானெட்டைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். பிறகு வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

“அப்பா, ஜாதகத்த இன்னொருக்கா பாக்க வேண்டாமுங்க.”

அந்த வண்டி பழைய இரும்புக்குப் போய்விட்டது. பஷீர் பாயின் பட்டறை இருந்த இடத்தில் செல்போன் உறை விற்கிறார்கள். என் மனைவி இப்போது ஒரு பொத்தானைத் தொட்டுக் காரை நிறுத்துகிறாள். ஓடியபோதும் சத்தமில்லை, நின்ற பிறகும் சத்தமில்லை. அந்த அமைதியில், தெருவுக்கே கேட்கும்படி என்னைக் கெட்டிக்காரன் என்று கத்த அம்மாதான் இல்லை.