எட்டு மணி மாத்திரை

ஷாரோன் பார்ம்.டி. என்ற மருந்தியல் படிப்பில் கடைசி வருடம் படிக்கிறாள். செங்கல்பட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் பயிற்சி. நோயாளி உண்மையில் என்னென்ன மருந்து விழுங்குகிறார், அது அவர் உடம்பை என்ன செய்கிறது என்று பார்ப்பதுதான் வேலை. மாமல்லபுரத்தில் அவள் வீட்டுத் தெருக்காரர்களுக்கு இது ஏறவில்லை.

"இம்மா வர்சம் படிச்சி மெடிக்கல் ஷாப்பா?"

"டாக்டருங்களுக்கே அவதான் செக்கிங் இன்ஸ்பெக்டரு" என்பார் அவள் அப்பா மோசஸ். ரிட்டயரான பஸ் கண்டக்டர். டிசம்பரில் இறந்துபோனார். வீட்டில் வேறு யாரும் இல்லை. சர்க்கரைக்கு அவர் போட்டுக்கொண்ட இன்சுலின் ஊசிப் பேனா இன்னும் பிரிட்ஜ் கதவில், முட்டைகளுக்குப் பக்கத்தில்.

வார்டில் எல்லப்பன் என்ற பெரியவர். திருக்கழுக்குன்றம் பக்கத்து விவசாயி. மயங்கி விழுந்து வந்தவர். நாடித்துடிப்பு நாற்பதைத் தாண்டவில்லை. அவருடைய மருந்துச் சீட்டில் இருந்த மருந்து எதுவும் துடிப்பைக் குறைப்பதல்ல. காலைக்குள் ஏறாவிட்டால் நெஞ்சைக் கீறி பேஸ்மேக்கர் பொருத்த வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"நெஞ்ச கீறாதீங்கம்மா" என்று பெரியவர் ஷாரோனிடமும் கெஞ்சினார்.

அன்று இரவு அவள் சார்ட்டைப் புரட்டிக்கொண்டிருந்தபோது அவர் போனில் அலாரம் அடித்தது. எட்டு மணி. இடுப்பு மடிப்பிலிருந்து ஒரு அட்டையை எடுத்து, மாத்திரையைப் பிதுக்கி வாயில் போட்டுக்கொண்டார்.

"இன்னா தாத்தா அது?"

"எங்கூட்டுக்காரி சாரதாம்பாளுது."

"அவங்க எங்க?"

"ஆடி மாசமே செத்துப் பூட்டா."

"அவங்க மாத்திரைய நீங்க ஏன் போட்டுக்கறீங்க?"

"எட்டு அடிச்சா நான்தான் எடுத்துக் குடுப்பேன். இப்பவும் கை எடுத்துடுது. எடுத்தத இன்னா பண்றது, சொல்லு?"

அட்டையைப் பார்த்தாள். துடிப்பைக் குறைக்கும் மாத்திரை. உடனே டாக்டரிடம் சொன்னாள். "மொதல்ல அத நிறுத்துங்க. பேஸ்மேக்கர அப்புறம் பாக்கலாம்" என்றார் அவர்.

ஷாரோன் கேட்டும் பெரியவர் அட்டையை விடவில்லை.

"உங்க வூட்ல யார்னா செத்துகீறாங்களா?"

"எங்கப்பா."

"அவரு மருந்த தூக்கிப் போட்டுட்டியா?"

"இல்ல. பிரிட்ஜ்ல கீது."

"நீ வெச்சிகினு கீற. நான் மட்டும் குடுத்துடணும்?"

"நான் போட்டுக்கலையே தாத்தா."

பெரியவர் சிரித்தபடி அட்டையை நீட்டினார்.

மூன்றாம் நாள் துடிப்பு அறுபத்தாறு. பேஸ்மேக்கர் பேச்சு நின்றது. வீட்டுக்கு அனுப்பும்போது அவருடைய பி.பி. மாத்திரையைக் காலைக்குப் பதில் ராத்திரிக்கு மாற்றலாமா என்று டாக்டரிடம் கேட்டாள். தாராளமாக, என்றார்.

"எட்டு மணிக்கு இனிமே உங்க மாத்திரை, தாத்தா. அலாரம் அப்படியே இருக்கட்டும்."

பெரியவர் தலையாட்டினார்.

அன்று ஷாரோன் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டாள். பிரிட்ஜைத் திறந்து அப்பாவின் பேனாவை எடுத்தாள். சில்லென்றிருந்தது. எடுத்ததை என்ன செய்வதென்று அவளுக்கும் தெரியவில்லை.