சிவப்புத் துணி அவிழ்ந்த காலை

சோப்பக்கா வீட்டுக்கு வழி கேட்டால் அந்தத் தெருவில் யாரும் கை நீட்டிக் காட்ட மாட்டார்கள். மூக்கைத் தொட்டுக் காட்டிச் சிரிப்பார்கள். வாசம் பிடித்துக்கொண்டே போனால் வீடு வந்துவிடுமாம். முன்னறை, படுக்கை அறை, சமையலறை, பின்பக்கம் ஒரு சாமான் அறை. அந்தச் சாமான் அறையைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அது மட்டும் காலியாக இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

மகளுக்குக் கைக்குழந்தையில் எந்தக் கடைச் சோப்பும் ஒத்துக்கொள்ளாமல் உடம்பெல்லாம் தடித்துப் போனபோது, யாரிடமோ கேட்டுக் கற்றுக்கொண்டு தானே சோப்பு செய்ய ஆரம்பித்தவள் அவள். பக்கத்து வீட்டுக்காரி ஒன்று கேட்டாள், மாடி வீட்டு அக்கா நாலு கேட்டாள், பிறகு கடைக்காரர்கள் கேட்டார்கள். சொந்தக்காரர்கள் மட்டும் இன்னும் "சும்மா பொழுது போகணுமில்ல, அதான் ஏதோ செஞ்சுக்கிட்டு இருக்கா" என்பார்கள். கேட்கிற எனக்கே பற்றிக்கொண்டு வரும். விடிவதற்கு முன்னால் எழுந்து எண்ணெய் காய்ச்சி, சமைத்து, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பி, சோப்பு வெட்டி, உறை போட்டு, கடை கடையாக ஏறி இறங்குகிறவளுக்குப் பொழுது போகவில்லையாம்!

சோப்பு என்றால் எண்ணெயும் வாசனையும் மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். காஸ்டிக் சோடா இல்லாமல் சோப்பு இல்லை. பார்க்கக் கல்லுப்பு மாதிரி இருக்கும். தண்ணீரில் போட்டால் அடுப்பே இல்லாமல் தண்ணீர் கொதிக்கும், மூச்சை அடைக்கிற ஆவி கிளம்பும். அது ஆறிய பிறகுதான் எண்ணெயில் கலக்க முடியும். ஆறிவிட்டாலோ, அதற்கும் குடிக்கிற தண்ணீருக்கும் வித்தியாசம் தெரியாது. நிறம் கிடையாது, வாசம் கிடையாது. ஒரு சொட்டு கையில் பட்டால் முதலில் வழவழக்கும், அப்புறம் எரியும். உள்ளே போனால் என்ன ஆகும் என்று அவள் யாரிடமும் கேட்டதில்லை. கேட்கப் பயம்.

இந்தச் சனியனை அவள் ஆற வைத்தது சமையலறையில். வேறு இடம் ஏது? கல்யாணத்துக்கு வந்த மூன்று ஸ்டீல் ஜக்குகளில் ஒன்றை அதற்கென்று ஒதுக்கியிருந்தாள். மூன்றும் ஒரே அச்சு, ஒரே மூடி. அடையாளத்துக்கு அந்த ஒன்றின் கழுத்தில் பழைய பாவாடையிலிருந்து கிழித்த சிவப்புத் துணியை இறுக்கிக் கட்டிவிடுவாள். சிவப்பு கட்டியிருந்தால் விஷம், கட்டாவிட்டால் தண்ணீர். வீட்டில் இருந்த ஒரே சட்டம் இதுதான். மகள் எழுத்துக் கற்றுக்கொள்வதற்கு முன்னால் இதைக் கற்றுக்கொண்டாள்.

வீட்டுக்காரருக்கு ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. நல்ல மனுஷன், ஆனால் வாய் இருக்கிறதே! தெருமுனையில் திரும்பும்போதே அவர் குரல் வீட்டுக்குள் வந்துவிடும். "முதலாளியம்மா இருக்காங்களா? அப்பாயின்ட்மென்ட் இல்லாம உள்ள வரலாமா?" என்று வாசலில் நின்று கேட்பார். தெருவே சிரிக்கும். அவளும் சிரிப்பாள். அந்தக் கிண்டலில் ஒரு பெருமையும் ஒளிந்திருந்தது அவளுக்குத் தெரியும். உள்ளே வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் ஜக்கைத் தூக்கி, தலையை அண்ணாந்து, மடக் மடக்கென்று பாதியைக் காலி செய்வார். டம்ளரில் ஊற்றிக் குடிக்கும் பொறுமை அவருக்கு ஒரு நாளும் இருந்ததில்லை.

"என்னங்க, அந்தச் சாமான் ரூமை ஒழிச்சுக் குடுங்களேன். சோடாவை அங்க வெச்சுத் தாழ்ப்பாள் போட்டுடுவேன். அடுப்படியில வெச்சுக்கிட்டு எனக்கு நெஞ்சு திக்கு திக்குன்னு இருக்கு" என்று அவள் கேட்காத மாதம் இல்லை.

அந்த அறையில் அவருடைய ஓடாத ஸ்கூட்டர், கால் உடைந்த கட்டில், எப்போதாவது உதவும் என்று சேர்த்து வைத்த இரும்புத் தட்டுமுட்டுச் சாமான். "அடுத்த லீவுக்குப் பார்த்துடலாம், முதலாளியம்மா" என்பார். எத்தனையோ லீவு வந்தது, போனது. ஸ்கூட்டர் மட்டும் அசையவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு தங்கும் விடுதி நடத்துகிற அம்மாள் போன் செய்தாள். யார் வீட்டிலோ இவள் சோப்பைப் பார்த்தாளாம். எல்லா அறைகளுக்கும் மாதா மாதம் வேண்டுமாம். "செய்யற இடத்தை ஒரு தடவை வந்து பார்க்கலாமாம்மா?" என்று கேட்டாள். சோப்பக்காவின் கண்ணில் எண்ணெய்ப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் இருந்த சாம்பார்ச் சட்டி பட்டது. சமையலறையில் என்று எந்த வாயால் சொல்வது?

"தனி யூனிட் இருக்கு மேடம்" என்று சொல்லிவிட்டாள். 

வீட்டுக்காரர் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். "சரி விடு. அவங்க வர்றதுக்குள்ள ஒழிச்சுத் தரேன். சத்தியமா." ஆனால் அந்த வாரம் முழுக்க அவருக்கு ஓவர்டைம். விடுதிக்கார அம்மாள் வருகிற நாளும் வந்துவிட்டது. முந்தின நாள் இரவே வேலைக்குப் போனவர் மத்தியானம்தான் வருவார் என்று சொல்லியிருந்தார். வந்ததும் களைத்துப் படுத்துவிடுவார், எங்கே ஒழிக்கப்போகிறார் என்று அவள் அவரை மனதுக்குள் திட்டித் தீர்த்தாள். யூனிட்டில் பெயின்ட் அடிக்கிறார்கள் என்று இன்னொரு பொய் சொல்லிச் சமாளித்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தாள்.

வருகிறவள் மாலையில்தானே வருகிறாள், வேறொரு கடைக்குத் தரவேண்டியதை முடித்துவிடலாம் என்று விடியலில் சோடா கரைத்து ஆற வைத்திருந்தாள். மகள் பள்ளிக்குப் போன கொஞ்ச நேரத்தில் வாசலில் கார் வந்து நின்றது. விடுதிக்கார அம்மாள்! இந்தப் பக்கம் வேறு வேலையாக வந்தாளாம், அப்படியே பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்துவிட்டாளாம்.

 அந்த அம்மாள் செருப்பைக் கழற்றுகிற நேரத்தில் சோப்பக்கா சமையலறைக்கு ஓடினாள். எண்ணெய்ப் பாத்திரத்தை மறைத்தாள். சோப்பு அச்சுகளைப் படுக்கை அறைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். ஜன்னலோரத்தில் இருந்த ஜக் கழுத்தில் சிவப்புத் துணியோடு, இங்கேதான் எல்லாம் நடக்கிறது என்று ஊரைக் கூட்டிச் சொல்கிற மாதிரி இருந்தது. அவள் துணியை அவிழ்த்து இடுப்பில் செருகிக்கொண்டாள். ஜக்கை மற்ற இரண்டு ஜக்குகளோடு வரிசையாக வைத்தாள். பார்க்க நன்றாக, வீடு மாதிரி இருந்தது. வீட்டில் வேறு யாரும் இல்லையே, அந்த அம்மாள் போனதும் கட்டிவிடலாம் என்று நினைத்தாள்.

முன்னறையில் பேச்சு நன்றாகவே போனது. அந்த அம்மாள் ஒவ்வொரு சோப்பாக எடுத்து முகர்ந்தாள், நகத்தால் கீறிப் பார்த்தாள், தலையை ஆட்டினாள். அப்போது வீட்டுக்குப் பின்னால் ஏதோ இழுபடுகிற சத்தம் கேட்டது. கனமான இரும்பு தரையில் உரசுகிற சத்தம்.

"என்னம்மா அது?"

"யூனிட்ல வேலை நடக்குது மேடம்" என்றாள் சோப்பக்கா. பின்வீட்டில் ஏதோ செய்கிறார்கள் என்றுதான் நினைத்தாள். சத்தம் மறுபடி கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து நின்றது. 

"நல்லா இருக்கும்மா. அடுத்த மாசத்துல இருந்து குடுக்க முடியுமா?"

அவள் வாயைத் திறந்தாள். அதே நேரம் பின்கதவு கிரீச்சிட்டது. சமையலறையில் காலடி கேட்டது. அந்தக் காலடியை அவளுக்குத் தெரியாதா? மத்தியானம் வரவேண்டிய மனுஷன். அப்புறம் மூடி திறக்கிற சத்தம். டங்.

ஒரு கத்தல் போதும். "குடிக்காதீங்க!" அவ்வளவுதான். கத்தினால் சமையலறையில் என்ன இருக்கிறது என்று சொல்லவேண்டும். யூனிட் எங்கே என்று சொல்லவேண்டும். மூன்றில் இரண்டு நல்ல தண்ணீர்தானே, அவர் கை அதற்குத்தான் போயிருக்கும் என்று மனசு சொன்னது. பாழாய்ப்போன மனசு. அவள் விடுதிக்கார அம்மாளைப் பார்த்துச் சிரித்து, "குடுக்கலாம் மேடம்" என்று சொல்லி முடித்தாள். அதற்குப் பிறகுதான் எழுந்து ஓடினாள்.

அவர் தரையில் மண்டியிட்டுக் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஜக் உருண்டு கிடந்தது. சட்டையெல்லாம் வியர்வை, கையெல்லாம் ஸ்கூட்டர் கிரீஸ். உதடு வெந்து வெளுத்திருந்தது. அவளைப் பார்த்து ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை.

மேஸ்திரியிடம் கெஞ்சிக் கூத்தாடிச் சீக்கிரம் கிளம்பி வந்திருக்கிறார். பின்பக்கமாக நுழைந்து, சொல்லாமல் கொள்ளாமல் அறையை ஒழித்து, அவளை அதிசயப்பட வைக்கவேண்டும் என்று ஆசை. கட்டிலையும் இரும்பையும் வெளியே போட்டு, ஸ்கூட்டரைத் தனியாளாக இழுத்து முடித்தபோது தாகம். அவர் பார்த்துத்தான் எடுத்தார். சிவப்பு கட்டாத ஜக். அந்த வீட்டுச் சட்டப்படி அது தண்ணீர்.

விடுதிக்கார அம்மாள்தான் அவரைக் காரில் ஏற்றி, கண்மண் தெரியாமல் ஓட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது சோப்பக்கா எல்லாவற்றையும் சொல்லி அழுதாள்.  அந்த அம்மாள் மெதுவாகச் சொன்னாள்.

"வீட்டுல செய்யறதுன்னு கேள்விப்பட்டுத்தானேம்மா உன்கிட்ட வந்தேன். யூனிட் சோப்பு வேணும்னா கடையில வாங்கிக்க மாட்டேனா?"

அவர் பிழைத்துக்கொண்டார். கூழும் கஞ்சியும்தான் இறங்குகிறது, வேலைக்குப் போகத் தெம்பில்லாமல் படுத்தே இருக்கிறார். குரல் திரும்பவில்லை. திரும்பாது என்று டாக்டர் நேராகவே சொல்லிவிட்டார். தெருமுனையிலிருந்து இப்போது எந்தக் கிண்டல் குரலும் வருவதில்லை.

அவர் ஒழித்த அறையில்தான் இன்று சோப்பு வேலை நடக்கிறது. சோடா அங்கேயே கரைகிறது, அங்கேயே ஆறுகிறது, தாழ்ப்பாளுக்கு மேல் பூட்டும் உண்டு. ஸ்டீல் ஜக்குகள் மூன்றையும் அவள் தூக்கி எறிந்துவிட்டாள். புதிதாகத் தொழில் தொடங்குகிற பெண்கள் அவளிடம் யோசனை கேட்க வருகிறார்கள். போன வாரம் வந்த ஒருத்தி, மசாலா அரைத்து விற்கப் போகிறவள், சிரித்துக்கொண்டே கேட்டாள்: "ஏங்க்கா, ஆரம்பத்துல கொஞ்சம் பில்டப் குடுத்தாத்தானே கஸ்டமர் மதிப்பாங்க? இல்லாததை இருக்குன்னு ரெண்டு பொய் சொல்லலாமில்ல?"

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். சோப்பக்கா சிரிக்கவில்லை. "இல்லைன்னா இல்லைன்னு சொல்லிடுடி. போனா ஒரு ஆர்டர்தான் போகும்" என்றாள். "அப்புறம் இன்னொண்ணு..."

அதற்குள் உள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. வீட்டுக்காரருக்கு ஏதாவது வேண்டுமென்றால் படுத்தபடியே ஒரு ஸ்பூனால் டம்ளரைத் தட்டுவார். கூப்பிட வேறு வழி இல்லை. டங்.

அவள் சொல்லிக்கொண்டிருந்ததை அப்படியே விட்டுவிட்டு எழுந்து ஓடினாள். எப்போதும் அப்படித்தான் ஓடுகிறாள். எதிரே யார் உட்கார்ந்திருந்தாலும், பேச்சு எந்த இடத்தில் இருந்தாலும், முடிக்க நிற்பதில்லை.