இரண்டு அனுக்களும் ஒரு பான் எண்ணும்

சம்பளப் பட்டியல் போடுகிறவள் என்றால் நாள் முழுக்கப் பணத்தில் புரள்கிறவள் என்று ஊரில் ஒரு நினைப்பு உண்டு; உண்மையில் அடுத்தவர் சம்பளத்தில் எது குறைந்தது, ஏன் குறைந்தது என்று தேடித் தேடிக் கண் பூத்துப் போவதுதான் எங்கள் வேலை. முதல் சம்பளச் சீட்டில் ‘வரி பிடித்தம்’ என்ற வரியைப் பார்த்து நெஞ்சடைத்து நின்றவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். நானும் உங்கள் கூட்டம்தான்.

இறங்காமல் விட்ட ஸ்டேஷன்

கேரளத்தில், நெய்யாற்றின்கரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் கணக்குப் பிரிவில் எனக்கு முதல் வேலை. சாயங்கால ரயிலில் ஏறி உட்கார்ந்ததும் முதல் சம்பளம் வந்த செய்தி போனில் விழுந்தது. சேரும்போது சொன்ன தொகையில் பத்தில் ஒரு பங்கைக் காணோம். சீட்டைத் திறந்து பார்த்தால் வரி பிடித்தம் என்று இருந்தது. வரி பிடிக்கிற அளவுக்கு நான் பெரிய ஆளா? கோபம் வருவதற்கு முன்னால் ஒரு கிறக்கம்தான் வந்தது. வெளியே மழை விட்டிருந்தது. நனைந்த வாழைத் தோப்புகள் மெல்லப் பின்னால் போய்க்கொண்டிருந்தன. டில்லியில் ஏதோ ஒரு பெரிய கட்டடத்தில், ஜன்னலோரமாக ஓர் அலமாரியில், ‘ஷெர்லி’ என்று என் பெயர் ஒட்டி அந்தப் பணத்தை வைத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். தனுவச்சபுரம் கடந்தது ஞாபகம் இருக்கிறது. நான் இறங்க வேண்டிய பாறசாலை வந்ததும் போனதும் தெரியவில்லை. விழித்துப் பார்த்தபோது வண்டி குழித்துறையில் நின்றது.

களியக்காவிளை வழியாக பஸ் பிடித்து வீடு சேர நேரமாகிவிட்டது. மறுநாள் கேஷ் கவுண்டரில் இருக்கும் பீனா சேச்சியிடம் சீட்டைக் காட்டினேன். சேச்சி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தாள். “இது பிடித்தம் ஆக்கும் மக்கா. அவங்க ஒரு தடவை பிடிச்சா, பின்ன நாமளாக்கும் பின்னால ஓடணும்.”

ஒரு மாத டாக்டர்

எங்கள் மேலாளர் மணிகண்டன் சாரிடம் கேட்டதற்கு, எல்லாருக்கும்தான் பிடிக்கிறது என்றார். பிடிக்கவில்லை. பீனா சேச்சிக்குப் பிடிக்கவில்லை, நர்சுகளுக்குப் பிடிக்கவில்லை. மதியம் அறையில் யாரும் இல்லாத நேரம் பார்த்து ஊழியர் பட்டியலைத் திறந்தேன். அதில் என் பெயரே இல்லை. சம்பளம் மட்டும் வந்திருக்கிறது! கடைசியில் வேறொரு பட்டியலில் கண்டுபிடித்தேன். வாரம் இரண்டு நாள் வந்து போகிற டாக்டர்களின் பட்டியல் அது. தோல் டாக்டருக்கும் பல் டாக்டருக்கும் நடுவில் நான் இருந்தேன். நான் சேர்ந்த அன்று யாரோ காலியாகக் கிடந்த வரிசையில் என்னை எழுதிவிட்டார்கள். அந்த டாக்டர்களுக்குக் கொடுப்பது சம்பளம் அல்ல, கட்டணம். அதில் பத்து சதவீதத்தை முதலிலேயே பிடித்துவிட வேண்டும்.

உடனே போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கால் மணி நேரம் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மின்விசிறிச் சத்தத்தில், வெள்ளைக் கோட்டு போட்டு நீண்ட வராந்தாவில் நான் நடந்து போவதும், ஆட்கள் எழுந்து நிற்பதும் தெரிந்தது. பிறகுதான் சாரிடம் போனேன். அடுத்த மாதம் முதல் சரியான பட்டியலில் சேர்த்தார்கள். பிடித்தது மட்டும் ஏற்கனவே அரசாங்கத்துக்குப் போய்விட்டது. வருஷம் முடிந்ததும் வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்துதான் திரும்ப வாங்க முடியும். அது எப்படி என்று தெரிந்துகொள்ள ரயில் பயணங்கள் முழுக்கப் போனில் படித்தேன். மணிகண்டன் சாருக்கு இதில் வருத்தம் ஒன்றும் இல்லை. “ஒரு மாசம் சும்மா டாக்டராட்டு இருந்தியே பிள்ளே, படிச்சிருந்தா எவ்வளவு செலவாயிருக்கும்?”

இரண்டு பக்கமும்

படித்தது வெளியே தெரிந்துவிட்டது. ஆம்புலன்ஸ் ஓட்டும் ஜஸ்டின் அண்ணன் ஒருநாள் வந்து நின்றார். எங்களிடம் சேர்வதற்கு முன்பு அவர் எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டு மார்த்தாண்டத்தில் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பிடிக்கிற தொழில்வரியை அங்கே பிடித்துவிட்டார்கள். அதே அரையாண்டுக்கு இங்கே வந்த முதல் மாதத்தில் நாங்களும் பிடித்துவிட்டோம். அந்த அரையாண்டில் அவர் பெரும்பாலும் அங்கேதான் வேலை பார்த்திருக்கிறார். ரசீது வாங்கி வரச் சொன்னேன். நாங்கள் பிடித்ததை நகரசபைக்கு இன்னும் கட்டவில்லை என்பதால், பேசி அவர் கையிலேயே திருப்பிக் கொடுக்க முடிந்தது. வாங்கிக்கொண்ட பிறகும் அவர் போகவில்லை. “எல்லை தாண்டினா வரி ரெண்டாகும்னா, எனக்க சம்பளமும் ரெண்டாகணும் இல்லியா ஷெர்லி?”

அனு கட்டிய வீடு

அடுத்த வருஷம் ஜூலையில் லேப் அனு என் மேஜைக்கு வந்தாள். எங்கள் ஆஸ்பத்திரியில் இரண்டு அனு. ஒருத்தி செங்கல் என்ற ஊரிலிருந்து வருகிற லேப் அனு, ரத்தப் பரிசோதனை செய்கிறவள், முதல் வேலையில் சேர்ந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. இன்னொருத்தி ஒற்றசேகரமங்கலத்து டாக்டர் அனு, அவளுக்கும் இதுதான் முதல் வேலை. லேப் அனு ஸ்கூட்டர் கடனுக்காக வங்கிக்குப் போயிருக்கிறாள். அவள் பெயரில் பிடித்த வரியைக் காட்டுகிற பக்கத்தை வருமான வரித் தளத்தில் திறந்து பார்த்த அதிகாரி, இவ்வளவு வருமானத்துக்குக் காரே வாங்கலாமே என்று சிரித்தாராம். “சேச்சி, ஆஸ்பத்திரியில எனக்குச் சம்பளம் கூட்டிப் போட்டிருக்காங்க போல, கைக்குத்தான் வரல்ல” என்று போனை நீட்டினாள்.

பார்த்தேன். அங்கே இருந்தது டாக்டர் அனுவின் ஒரு வருஷக் கட்டணமும், அதில் பிடித்த வரியும். போன வருஷம் போட்ட புதுப் பட்டியலில் எல்லாருடைய பான் எண்களையும் ஏற்றியது நான்தான். அந்த மதியம் நன்றாக நினைவிருந்தது. ஜன்னலுக்கு வெளியே தண்டவாளத்தின் மேல் மழை புகை மாதிரி நின்றது. நான் அதைப் பார்த்துக்கொண்டே தட்டிக்கொண்டிருந்தேன். ஒரு அனுவின் எண்ணை இன்னொரு அனுவுக்குப் போட்டிருக்கிறேன். அந்த வருமானம் உன்னுடையது அல்ல என்று லேப் அனுவிடம் மெதுவாகச் சொன்னேன். “அப்பம் அது எனக்கு இல்லியா சேச்சி? நான் ரெண்டு நாளாட்டு அதை வச்சு வீட்டுக்கு மேல்மாடி வரைக்கும் கட்டியாச்சே.”

நோட்டீஸ்

மணிகண்டன் சாரிடம் சொன்னேன். அவர் கதவைச் சாத்தினார். “இது ஆடிட்டர் ஆபீஸ்காரங்களுக்க தப்புன்னு இருக்கட்டும். திருத்தம் அனுப்பினா யாருக்குத் தெரியப் போகுது? நீ வாய் திறக்காண்டாம். மேல தெரிஞ்சா உனக்க வேலை போகும்.” எனக்காகத்தான் சொன்னார். இரண்டு நாள் நான் அப்படியே இருந்தேன். வராந்தாவில் இரண்டு அனுக்களும் ஆளுக்கொரு கோட்டை மாற்றிப் போட்டுக்கொண்டு நடப்பதாகக் கனவு வந்தது.

மூன்றாம் நாள் டாக்டர் அனுவே வந்தாள். மேல்படிப்பு நுழைவுத்தேர்வுப் பயிற்சிக்குச் சேரும் பணத்துக்கு, திரும்பி வரும் வரியைத்தான் நம்பியிருந்தாள். கணக்கைத் தாக்கல் செய்துவிட்டாள். ஆனால் அவள் பெயரில் வரி எதுவும் கட்டவே இல்லை, அதற்கு விளக்கம் வேண்டும் என்று வருமான வரித் துறையிலிருந்து செய்தி வந்திருக்கிறது. “நான் ஏமாத்தினேன்னு நினைப்பாங்களா? அப்பா பயந்து போயிருக்காரு” என்றாள். எதிர் மேஜையிலிருந்து மணிகண்டன் சார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். “டாக்டரே, தப்பு நான் செய்தது. உங்க நம்பருக்குப் பதிலா லேப் அனுவுக்க நம்பரைப் போட்டுட்டேன்” என்றேன்.

அவள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். கத்துவாள் என்று காத்திருந்தேன். “போன மாசம் நான் ரெண்டு நோயாளிக்க சீட்டை மாத்திக் குடுத்திட்டேன். மருந்து போகும் முன்னால லேப் அனு கண்டுபிடிச்சு ஓடி வந்தா, ஒருத்தர்கிட்டயும் சொல்லல்ல. அதனால நீங்க இப்பம் அழாண்டாம், எப்படிச் சரியாக்கணும்னு மட்டும் சொல்லுங்க.”

காத்திருப்பு

சரியாக்கினோம். ஆடிட்டர் அலுவலகம் வழியாகத் திருத்தக் கணக்கு போனது. நடந்ததை எழுதி நானே நிர்வாகத்துக்குக் கொடுத்தேன். எச்சரிக்கைக் கடிதம் ஒன்று கிடைத்தது, வேலை போகவில்லை. வந்த செய்திக்கு என்ன பதில் அனுப்ப வேண்டும் என்று டாக்டர் அனுவோடு உட்கார்ந்து எழுதினேன். பிறகு பல வாரம் காத்திருப்பு. ஒவ்வொரு மதியமும் இரண்டு அனுக்களும் என் மேஜைக்கு வந்து, அவரவர் போனில் அந்தப் பக்கத்தைத் திறப்பார்கள். வட்டம் சுற்றும். மூன்று பேரும் அதையே பார்ப்போம். வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலை மேஜையில் மெல்ல நகர்த்தும். இப்போது நினைத்தால் அந்த வருஷத்திலேயே அமைதியான நேரம் அதுதான் என்று தோன்றுகிறது.

ஒருநாள் வட்டம் நின்றது. டாக்டர் அனுவின் பக்கத்தில் அவள் பணம் முழுவதும் வந்து உட்கார்ந்திருந்தது. அவள் என் தோளைப் பிடித்துக் குலுக்கினாள். லேப் அனு தன் போனைப் பார்த்தாள். அவள் பக்கம் துடைத்துவிட்டது போல வெறுமையாக இருந்தது. ஸ்கூட்டர் கடனுக்கு இனி எந்தச் சிக்கலும் இல்லை என்றேன். அவள் தலையாட்டிவிட்டு டாக்டர் அனுவின் பக்கம் திரும்பினாள். “டாக்டரே, ஒரு வருஷம் உங்க பணத்தைப் பத்திரமாட்டு வச்சிருந்தேனே, ஒரு சாயாவாவது உண்டா?”

எங்கள் வேலையில், சம்பளத்தைப் பற்றிக் கேட்க என்னைத் தேடி ஒருவர்கூட வராத மாதங்கள் இதுவரை இரண்டே இரண்டுதான் வந்திருக்கின்றன. அந்த இரண்டு மாதமும் நான் விடுப்பில் இருந்தேன்.