பார்க்காத தாய் தந்தது

மரக்காணம் உப்பளத்தில் சின்ன வயதிலிருந்தே வேலை பார்த்தவர் அந்தோணிராஜ். ஐம்பத்தெட்டு வயதில் ஒரு காலை, பாத்திகளுக்கு நடுவே வரப்பில் நின்று அழுதார். வீட்டுக்கு எந்தப் பக்கம் போவது என்று தெரியவில்லை. மனைவி சாலம்மாள் வந்து கையைப் பிடித்துக் கூட்டிப்போனாள்.

புதுச்சேரி ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எல்லாம் முடிந்ததும், மறதி நோயின் ஆரம்பம் என்றார் டாக்டர் இலக்கியா.

"மூளைக்குள்ள இன்னாதான் ஆவுது மேடம்?" என்று கேட்டார் அந்தோணிராஜ்.

டாக்டர் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். கருத்த திரையில் நூல்போல நீண்ட ஒரு நரம்பு செல். அதற்குள் பச்சைப் புள்ளிகள் ஊர்ந்தன. நின்றன, திரும்பின, மறுபடி ஓடின.

"உயிரோட இருக்கிற செல்லுங்கய்யா. லேப்ல எடுத்த வீடியோ. பச்சையா இருக்கிறது மைட்டோகாண்ட்ரியா. சாப்பாட்டையும் மூச்சுக்காத்தையும் சக்தியா மாத்துறது இதுதான். இது பழுதானா மூளை தளர்ந்துடும். உங்க நோய்க்கு இதுவும் ஒரு காரணமா இருக்கலாம்னு சொல்றாங்க."

"என் தலைக்குள்ளயும் இப்படி ஓடுதா?"

"கோடி கோடியா. எல்லாம் உங்கம்மா குடுத்தது. அப்பாகிட்டேருந்து இது வராது."

அந்தோணிராஜ் திரையையே பார்த்தார். ஒரே பிள்ளையான அவரைப் பெற்ற அன்றே செத்துப்போனவள் அம்மா. ஒரு போட்டோகூட கிடையாது.

"எங்கம்மா மூஞ்சிய நான் பாத்ததே இல்ல மேடம்," என்றார். பிறகு, "இது என் பொண்ணுக்கும் போயிருக்குமா?"

"இல்லைங்க. உங்க பொண்ணுக்கு இவங்க குடுத்தது," என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த சாலம்மாளைக் காட்டினார் டாக்டர்.

"அப்போ எங்கம்மா குடுத்தது என்னோட முடிஞ்சிடுமா?"

ஆமாம் என்று டாக்டர் மெல்லத் தலையசைத்தார்.

அந்தோணிராஜ் பீடிக்கட்டை ஆஸ்பத்திரி வாசலிலேயே வீசினார். பீடியை விட்டால், தினமும் நடந்தால், சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால் நோய் மெதுவாகலாம், நிற்காது என்று டாக்டர் ஒளிக்காமல் சொல்லியிருந்தார். ஆனாலும் விடிந்ததும் நடக்கக் கிளம்பிவிடுவார்.

"மழையில கூட போவணுமாய்யா?" என்பாள் சாலம்மாள்.

"எங்கம்மா குடுத்ததுடி. இருக்கிற வரைக்கும் நல்லா வச்சிக்க வேணாமா?"

இரண்டு வருஷம் போயிற்று. உப்பள வேலையை விட்டாயிற்று. சில நாள் மகள் சந்தியாவின் பெயர் வாயில் வருவதில்லை. இந்த வருஷக் கல்லறைத் திருநாளுக்கு, அம்மாவைப் புதைத்த இடத்தைத் தேடி ஊர்க் கல்லறைத் தோட்டத்துக்குப் போனார். எந்த இடம் என்று சொல்ல ஆளில்லை. மணல்தான் மேடிட்டுக் கிடந்தது. ஓர் ஓரத்தில் மெழுகுவத்தி ஏற்றி, கடல்காற்றில் அணையாதபடி இரண்டு கையையும் குவித்துக்கொண்டு, அது உருகித் தீரும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.