பிளம்பர் மாப்பிள்ளையும் ஒழுகிய சீவாளியும்

என் தங்கை புருஷனுக்குக் குழாய் ரிப்பேர் வேலை. பிளம்பர் மாப்பிள்ளை என்றுதான் நான் கூப்பிடுவேன். சுவருக்குள் சொட்டுகிற தண்ணீரை வெளியே காது வைத்தே கண்டுபிடித்துவிடுவார். தங்கமான மனிதர்.

வேலை முடிந்து வந்தால் பைக்குழல்தான். தோல்பையை அக்குளில் இடுக்கி, ஒரு குழாயில் ஊதி, இன்னொரு குழாயில் விரல் வைத்து வாசிப்பார். சத்தம் பிறப்பது உள்ளே இருக்கும் சீவாளியில். நாணல் சீவல் இரண்டை ஒட்டவைத்து நூல் சுற்றியது, அவ்வளவுதான்.

மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. "நான் மண்டபத்துக்குள்ள நடந்து வரப்ப நீங்கதான் ஊதணும்பா" என்றாள் பெண். மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. கல்யாணப் படத்துக்காகப் புதுப் பல்செட்டும் வாங்கி மாட்டிக்கொண்டு, காரணமில்லாமல் சிரித்துக்கொண்டு திரிந்தார்.

கல்யாண அலைச்சலில் பைக்குழலைத் தொடவே நேரமில்லை. நாள் நெருங்கியதும் எடுத்து ஊதினால், புஸ் என்று காற்று. சீவாளியைக் கழற்றி உதட்டில் வைத்து ஊதினார். அதுவும் புஸ்.

"ஓரத்துல ஒழுகுதுக்கா" என்றார் என்னிடம். நூல் தளர்ந்திருந்தது உண்மைதான். பிரித்து, புது நூலில் மெழுகு தேய்த்து இறுக்கிக் கட்டினார். ஓரத்துக்குத் தங்கையின் சிவப்பு நகப்பாலிஷ்.

"என் பாலிஷ்தான் கெடச்சுதா? நான் எதைப் பூசிக்கிறது?"

"உன்னை யாரு பாக்கப்போறா?"

"உங்க பல்லை மட்டும் ஊரே பாக்கணுமாக்கும்!"

காய்ந்ததும் ஊதினார். புஸ். மறுபடி கட்டினார். மறுபடி புஸ். பெண் பாவப்பட்டு, "விடுங்கப்பா, ஸ்பீக்கர்ல பாட்டு போட்டுக்கலாம்" என்றாள். மனிதர் அன்றைக்குச் சாப்பிடவே இல்லை. சீவாளிக்காகவெல்லாம் கடவுளைத் தொந்தரவு செய்யலாமா என்று தெரியவில்லை, நான் வேண்டிக்கொண்டேன்.

மறுநாள், "அப்ப பையிலதான் ஒழுகுது" என்று சோப்பு நுரையைக் குழைத்து, பை, குழாய் இணைப்பு, வாய் வைத்து ஊதுகிற முனை ஒன்று விடாமல் தடவினார். ஒழுகுகிற இடத்தில் குமிழ் வருமாம். ஊதினார். நாங்கள் சுற்றி உட்கார்ந்து கண் கொட்டாமல் பார்த்தோம். பையில் குமிழ் இல்லை. இணைப்பில் இல்லை. அவர் கடைவாயில் ஒரு குமிழ் எலுமிச்சம்பழம் மாதிரி உப்பி, பட்டென்று உடைந்தது.

"கண்டுபிடிச்சாச்சு பிளம்பரே! ஒழுகுறது உங்க வாய்தான்!" என்று தங்கை விழுந்து விழுந்து சிரித்தாள்.

புதுப் பல் உதட்டை மூடவிடவில்லை. கழற்றிவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பி ஊதினார். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

"பொக்கை வாயோட படத்துல நிக்கச் சொல்றியா?" என்றார் மகளிடம்.

"ஊதுறப்ப கன்னம் பூசணிக்கா மாதிரிதானேப்பா இருக்கும்? யாருக்குத் தெரியும்?"

கல்யாணத்தன்று பல்செட் தங்கையின் கைப்பையில் இருந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு ஊதினார். பெண் வேண்டுமென்றே எறும்பு மாதிரி ஊர்ந்து வந்தாள். மணமகன் இரண்டு முறை எட்டிப்பார்த்துவிட்டார். பாட்டு முடிகிறவரை அவள் மேடைப் படியில் கால் வைக்கவே இல்லை.