கழுவி வைத்த முட்டைகள்

நூற்றுக்கு மேற்பட்ட ஆமை முட்டைகளைக் குளிப்பாட்டித் துவட்டி வைத்த முட்டாள் இந்த ஊரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அப்போது எனக்குப் பத்து வயது. எங்கள் மயிலாப்பூர் வீட்டுக்குள் முட்டை நுழைந்ததே கிடையாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் அம்மா மாவடு போடும் விதம்தான்: அலம்பு, ஈரம் போகத் துடை, ஜாடியில் அடுக்கு.

தொண்ணூறுகளின் தொடக்கம். அம்மாவின் தம்பி, என் மாமா, பட்டம் வாங்கியும் வேலையில்லாமல், கடற்கரையில் ஆமை முட்டைகளைக் காப்பாற்றும் குழுவோடு அலைந்துகொண்டிருந்தான். ஒரு குழி முட்டையைத் தனியாகப் பார்த்துப் பொரிக்க வைத்தால் கோடியக்கரையில் ஆய்வு உதவியாளர் வேலை என்று குழுத் தலைவர் சொல்லியிருந்தார். தாத்தாவோ நந்தனத்தில் ஒரு குமாஸ்தா நாற்காலியைத் துடைத்துத் தயாராக வைத்திருந்தார்.

"ஆமைக்குப் பிரசவம் பாக்கறதுக்கா பி.எஸ்ஸி. படிச்சே?" என்பார். மாமா தட்டைப் பார்த்தபடி சாப்பிடுவான்.

ஒரு சனிக்கிழமை என்னையும் முகாமுக்கு அழைத்துப் போனான். அடையாறு கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் கூடாரம். நாரைகள் சேற்றில் நின்றன. ஒரு நண்டு என் செருப்பில் குடியேறியது. அங்கே மாமா வேறு ஆள். விசிலடித்தான். மறுநாள் விடியலில் மணலில் ஆமைத் தடத்தைக் கண்டதும் என்னை விட்டுவிட்டு ஓடினான்.

தடம் முடிந்த இடத்தில் தோண்டி, முட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து, வாளியில் மணல் மூடி வைத்தான். "இங்கயே உக்காந்துண்டிரு, குழி வெட்டிட்டு வரேன்" என்று, முட்டைகளைப் புதைத்துக் காக்கப் போட்டிருந்த வேலிக்குள் போனான்.

உட்கார்ந்துதான் இருந்தேன். கைதான் சும்மா இருக்கவில்லை. ஒரே பிசுபிசுப்பு, மணல். கடல் தண்ணீரில் அலம்பி, துண்டால் தேய்த்துத் துடைத்து, திரும்ப அடுக்கி மணல் மூடினேன். குஞ்சு வந்ததும் சொல்லிப் பெயர் வாங்கலாம் என்று வாயைத் திறக்கவில்லை. அந்த முட்டையைப் புரட்டினால் உள்ளே இருக்கும் உயிர் போய்விடும் என்பதைப் பல வருடம் கழித்துத்தான் படித்தேன்.

ஐம்பது நாளுக்கு மேலாகியும் ஒன்றும் வெளியே வரவில்லை. குழியைத் தோண்டியபோது நானும் இருந்தேன். எல்லாம் அழுகல்.

"எடுக்கறப்போ உருட்டிருக்கே. இதுகூட தெரியாதவன கோடியக்கரைக்கு எப்படி அனுப்பறது?" என்றார் தலைவர்.

"இல்ல சார், பாத்துதான் எடுத்தேன்," என்று மாமா இரண்டு தடவை சொன்னான். யாரும் நம்பவில்லை. கடைசியில் அவனுக்கே சந்தேகம் வந்துவிட்டது போலத் தன் கைகளைப் பார்த்துக்கொண்டான். அடுத்த திங்கட்கிழமை நந்தனம் போனவன், தலை நரைக்கும்வரை அந்த நாற்காலியில் இருந்தான்.

குழியைத் தோண்டிய அன்று முகாமிலிருந்து திரும்பும்போது, பஸ்ஸில் அவன் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டு வந்தான். பாவமாக இருந்தது. ஆறுதல் சொன்னேன்.

"கவலைப்படாதே மாமா. நான் எல்லாத்தையும் அலம்பித் தொடச்சுதான் வச்சேன். அடுத்த தடவை இன்னும் நன்னாத் தேய்க்கறேன்."

இரண்டு ஸ்டாப் தாண்டும்வரை என்னையே பார்த்தான். பாராட்டப் போகிறான் என்று நானும் பல்லைக் காட்டிக்கொண்டு காத்திருந்தேன்.

"இத ஆத்துல யார்கிட்டயும் சொல்லாதே" என்றான்.